‘ஆன்லைன் கிளாஸ்’: இயங்குகிறதா, இயங்கலையா?

2020ஆம் ஆண்டு, ஜூலை மாதம். பள்ளிக்கூடங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. களக்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் ஒன்றுவிட்ட அக்காள் வீடு இருக்கிறது. அவள் மகன் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி வாசலில் இருந்த கரும்பலகையில் ஆசிரியர் ஒருவர் முத்து முத்தாக எழுதிப் போட்டிருந்தார்: ‘திங்கள் முதல் காலை 10 மணிக்கு இயங்கலை வகுப்பு’. ரேஷன் கடைக்குப் போன அக்காளின் மாமியார், எங்கள் எல்லோருக்கும் அவர் ஆச்சிதான், அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வீட்டுக்கு வந்து, வகுப்பு இயங்கலையாம் என்று சொல்லிவிட்டார். பையனுக்குக் கசக்குமா? திங்கட்கிழமை 10 மணிக்கு அவன் வாழைத் தோட்டத்துக் கிணற்றில் குதித்துக் கொண்டிருந்தான்.

ஆச்சி மேல் குற்றமில்லை. ‘இயங்கவில்லை’ என்பது பேச்சில் ‘இயங்கலை’ என்றுதான் வரும். மோட்டார் இயங்கலை, கடையில் கைரேகை மெஷின் இயங்கலை; அந்த வரிசையில் வகுப்பும் இயங்கலை. ஆசிரியரோ ‘ஆன்லைன்’ என்ற சொல்லுக்கு நல்ல தமிழ் போட்டுவிட்ட நிறைவில் இருந்தார். இருவருக்கும் தமிழ் தெரியும். நடுவில் ஒரு சொல் கவிழ்ந்துவிட்டது. அதைக் கேட்டுச் சிரித்தபோது தொடங்கியதுதான், இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அலைகிற வேலை.

முதலில் ‘லைன்’ என்ற பாதியைப் பார்ப்போம். இலத்தீனில் ‘லினும்’ என்றால் ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லினியா’. நூல் பிடித்துத்தான் கொத்தனார் சுவரின் நேர் பார்க்கிறார்; அப்படி நூலின் பெயர் கோட்டுக்குப் போனது. கோட்டிலிருந்து கயிறு, தந்திக் கம்பி, தண்டவாளம் என்று நீளமாக ஓடுகிற எல்லாவற்றுக்கும் பரவியது. நாமும் வாங்கிக்கொண்டோம்: கம்பத்தில் ஏறுகிறவர் லைன்மேன், போன் கிடைக்காவிட்டால் லைன் கிடைக்கவில்லை. மையக் கணினியோடு நேரடியாக இணைந்து வேலை செய்யும் கருவியை ‘ஆன்லைன்’ என்று கணினிக்காரர்கள் சொல்லத் தொடங்கியது 1950களில். இணையம் அப்போது பிறக்கவே இல்லை.

இதில் ஒரு சுவை உண்டு. நமக்கும் நூல் என்றால் இழை. நூல் என்றால் புத்தகமும்தான். பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் வைத்து, பஞ்சு நூலாவதுபோல் சொல் நூலாவதைக் காட்டுகிறார். வேர் பிடித்துப் பார்த்தால் ஆன்லைனில் படிப்பதும் ‘நூலில் படிப்பது’தான்! ஆனால் அப்படி எழுதிப் போட்டால் பையன் நூலகத்துக்குப் போய்விடுவான். ரசித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

இனி ஈடான தமிழ்ச் சொற்கள். மலேசியத் தமிழ் இதழ்களில் ‘இயங்கலை’ சரளமாகப் புழங்குகிறது. அவர்கள் காதுக்கு அது பழகிவிட்டது. நெல்லைச் சீமையில் ஆச்சிகள் இருக்கும்வரை அது தேறாது. இலங்கையில் ‘நிகழ்நிலை’ என்கிறார்கள். அங்கே 2024இல் வந்த சட்டத்துக்கே ‘நிகழ்நிலைக் காப்புச் சட்டம்’ என்றுதான் பெயர். நல்ல சொல், ஆனால் ஒரு சிக்கல். நிகழ்நிலை என்றால் இப்போதே நிகழ்வது என்ற எண்ணம் வருகிறது. முந்தைய வருடம் பதிவுசெய்த பாடத்தை நள்ளிரவில் தனியாகப் பார்ப்பதும் ஆன்லைன்தானே? அதில் எது நிகழ்கிறது? ‘மின்கற்றல்’ என்பது ‘இ-லேர்னிங்’ என்ற சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. 1990களின் பிற்பகுதியில் பரவிய அந்த ‘இ’, மின்னணுவைக் குறிக்கிறது. மின்னஞ்சல் நிலைத்துவிட்டது, சரி. மின்கற்றல் என்றால் எனக்கு ஐ.டி.ஐ. வயர்மேன் வகுப்புதான் நினைவுக்கு வருகிறது.

மிஞ்சுவது ‘இணையவழி’. என் வாக்கு அதற்கே. காரணம் அதிலிருக்கும் ‘வழி’ என்ற சின்னச் சொல்.

இந்த ‘வழி’ இணையத்துக்காகப் புதிதாக வெட்டியது அல்ல. தமிழ்வழிக் கல்வி, ஆங்கிலவழிக் கல்வி என்று மொழிக்கு அதைப் பயன்படுத்திவந்தோம். அதற்குப் பின் அஞ்சல்வழிக் கல்வி வந்தது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிய முறை அது. தென்மாவட்டங்களில் அதை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது மதுரைப் பல்கலைக்கழகம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மில் வேலைக்குப் போய்வந்த அண்ணாச்சி ஒருவருக்குப் பழுப்பு உறையில் பாடக் கட்டு வரும். தபால்காரர் சைக்கிள் மணியை அடித்து, “பி.ஏ. வந்திருக்கிறது!” என்று குரல் கொடுப்பார். தபாலில் பட்டம் வாங்கியவர் என்று அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் தபால்தான் பாடம் நடத்தியது என்று யாரும் நினைக்கவில்லை. தபால் கொண்டுவந்தது, அண்ணாச்சி ராத்திரி ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து படித்தார். அஞ்சல்வழி என்ற சொல்லுக்குள்ளேயே அந்தத் தெளிவு இருந்தது.

கல்வித் தொழில்நுட்ப ஆய்வில் பல ஆண்டுகள் நடந்த சண்டையும் இதைப் பற்றியதுதான். 1983இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். ரேடியோ, டிவி, கணினி என்று எந்த ஊடகம் கற்றலை உயர்த்துகிறது என்று ஒப்பிட்ட ஆய்வுகளை அலசிவிட்டு, ஊடகம் வெறும் வண்டி என்றார். மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரியால் நம் உடம்பு தேறுவதில்லை. சாமானால்தான் தேறுகிறது என்பது அவர் உவமை. ராபர்ட் கோஸ்மா என்பவர் அதை மறுத்தார்: ஊடகத்துக்கென்று தனித் திறன்கள் உண்டு, ஒரு வரைபடத்தைக் கையால் நகர்த்திப் பார்க்க முடிவதும் புத்தகத்தில் பார்ப்பதும் ஒன்றல்ல என்ற பக்கம் நின்றார். வண்டியா, அதற்கு மேலா என்று அவர்கள் மோதிக்கொண்டிருக்க, தமிழில் ‘வழி’ என்கிறோம். வழி சும்மா கிடப்பதும் இல்லை. மேடு பள்ளம் இருந்தால் நடை மாறும். களக்காட்டு மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தபோது பாடமும் விட்டுவிட்டுத்தான் வந்தது. ஆனால் நடக்க வேண்டியவன் மாணவனே.

துல்லியம் வேண்டுவோருக்கு ஒரு சின்னத் திருத்தம். இணையம் வேறு, வலை வேறு. இணையம் என்பது கணினிகளைப் பிணைக்கும் கட்டமைப்பு; வலை என்பது அதன்மேல் ஓடும் பக்கங்களின் தொகுப்பு. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனிவாவில் வலையை முன்மொழிந்தது 1989இல். இணையம் அதற்கு மூத்தது. கணினியில் பாடம் நடத்துவது இன்னும் மூத்தது: அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்ற அமைப்பு 1960இலேயே தொடங்கிவிட்டது. ஆகவே உலாவியில், அதாவது பிரவுசரில், திறக்கும் பாடத்தளத்தை மட்டும் குறிக்க ‘வலைவழிக் கற்றல்’ என்று எழுதலாம். வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடம் இணையவழி, ஆனால் வலைவழி அல்ல. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியை டிவியில் பார்த்தால் அது இரண்டும் அல்ல. என்றாலும் உவரி மாதிரி மீன்பிடிக் கிராமத்தில் போய் வலைவழி என்று சொல்லிப் பாருங்கள். மீன்பாடு எப்படி என்று கேட்பார்கள். பொதுவழக்குக்கு இணையவழியே போதும். 2001இல் தொடங்கிய அரசு நிறுவனத்துக்கும் ஆங்கிலப் பெயரில் இருந்த ‘வெர்ச்சுவல்’ என்பதை ‘மெய்நிகர்’ என்று பெயர்க்காமல் ‘தமிழ் இணையப் பல்கலைக்கழகம்’ என்றே பெயர் வைத்தார்கள். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம்.

சொல்லின் பின்பாதிதான் உண்மையில் தகராறு பிடித்தது. கல்வியா, கற்றலா, கற்பித்தலா? மூன்றுக்கும் வேர் ‘கல்’. கற்றல் தன்வினை, எழுவாய் மாணவன். கற்பித்தல் பிறவினை, எழுவாய் ஆசிரியர். கல்வி இரண்டையும் உள்ளடக்கிய பெயர். ஆங்கிலத்தில் ‘லேர்னிங்’ என்று பெயர் சூட்டிவிட்டு, உள்ளே பெரும்பாலும் கற்பித்தலை வைத்து விற்கிறார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் கேமராவைப் பார்த்துப் பேசினால் அது இணையவழிக் கற்பித்தல். மறுமுனையில் கற்றல் நடந்ததா என்பது தனிக் கேள்வி. 2014இல் இணையவழிப் பாடங்கள் தரும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்தவர்கள், சிறிய காணொலிகளையே மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள், ஆறு நிமிடத்துக்கு மேல் கவனம் தங்குவது அரிது என்று கண்டார்கள். ஒரு மணி நேரம் பேசுகிற நம் பேராசிரியர்கள் காதில் இதைப் போடலாம்.

இந்தக் கணக்கை நன்னூல் வேறு விதமாகப் போட்டிருக்கிறது. ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. இந்த நூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். அதைத் திருத்தி விளக்கிய சிவஞான முனிவர் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். ஆக, காலும் காலும் அரையும் என்ற இந்தக் கணக்கு தாமிரபரணிக் கரையில் நன்றாகவே பாடம் கேட்கப்பட்ட ஒன்று. கொரோனாக் காலத்தில் நாம் ‘ஆன்லைன் கிளாஸ்’ என்று ஓட்டியது அந்த முதல் கால் பங்கை மட்டும்தான்.

மற்ற முக்காலையும் இணையத்தில் கொண்டுவர முயன்றவர்கள் உண்டு. ‘மூடில்’ என்ற இலவச மென்பொருளை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வளர்ந்தவர். பள்ளிப் பாடத்தை ரேடியோ வழியாகக் கேட்டுப் படித்தவர். பாடம் எட்டாத இடத்தில் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். 2002இல் வெளிவந்த மூடிலில் கருத்தாடல் களம், மாணவர்களே சேர்ந்து எழுதும் பக்கம் போன்றவற்றுக்குப் பெரிய இடம் கொடுத்தார். இத்தகைய மென்பொருளுக்கு ஆங்கிலப் பொதுப்பெயர் ‘எல்.எம்.எஸ்.’ தமிழில் ‘கற்றல் மேலாண்மை அமைப்பு’ என்று அப்படியே பெயர்த்துவிட்டோம். கற்றலை யாராவது மேலாண்மை செய்ய முடியுமா? அது வைத்திருப்பது பாடம், வருகை, மதிப்பெண். ‘பாடத்தளம்’ போதும், சொன்னவுடன் புரிகிறது, ஃபாரத்தில் எழுதவும் இடம் அடைக்காது.

கடைசியாக ‘பிளெண்டட் லேர்னிங்’. நேரிலும் இணையத்திலுமாகப் படிப்பது. மத்திய அரசின் இணையவழிப் பாடத்தளமான ஸ்வயத்தின் பாடங்களை ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் இடம் கொடுத்த பிறகு கல்லூரிகளில் இந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. 2009இல் அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட தொகுப்பாய்வில், இரண்டும் சேர்ந்த முறை வகுப்பறையை மட்டும் நம்பிய முறையைவிடச் சராசரியில் மேலாக இருந்தது. ஆனால் அதற்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் காரணமாக இருக்கலாம் என்று அவர்களே எச்சரித்தார்கள். மறுபடியும் லாரியும் மளிகையும்! தமிழில் ‘கலப்புக் கற்றல்’ என்கிறார்கள். கலப்பு என்றதும் நம் ஊரில் பாலில் தண்ணீர்தான் தெரியும். ‘நேர்வழிக் கல்வி’, ‘இணையவழிக் கல்வி’ என்று ஜோடி சேர்க்கலாமா என்று ஒருமுறை யோசித்தேன். நேர்வழி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றது குறுக்குவழி ஆகிவிடும். ‘இருவழிக் கற்றல்’ என்று எழுதிவருகிறேன். இதுவரை யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை; யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

எழுதும்போது ஒற்றை விட்டுவிடாதீர்கள்: இணையவழிக் கற்றல், இணையவழித் தேர்வு, இணையவழிப் பாடம். ‘இணைய வழி’ என்று பிரித்தால் இணையத்துக்குப் போகிற பாதை என்று படும்.

அந்தக் கரும்பலகை என்னவாயிற்று என்று சொல்லவில்லையே. பாதிப் பிள்ளைகள் வராத காரணத்தை விசாரித்த ஆசிரியர், மறுநாளே அழித்துவிட்டு, ‘காலை 10 மணிக்குப் போன் வழியாகப் பாடம்’ என்று எழுதினார். ஆச்சி வாசித்துவிட்டு வந்தார். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது மாட்டுத் தொழுவத்துச் சுவரை ஒட்டி மட்டும்தான். ஒன்பதே முக்காலுக்கு மாட்டை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு, பேரனுக்கு அங்கே கோரைப்பாயை விரித்துப் போட்டார்.