தோலுக்குள் கூடும் கூட்டம்: காசநோய்ச் சோதனைக்கு ஏன் இரண்டு நாள்?

புதிய வேலையில் சேரவிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “காசநோய்ச் சோதனைக்காக முன்கையில் ஊசி போட்டார்கள். உடனே கொசுக்கடி போல ஒரு தடிப்பு எழும்பி, சிறிது நேரத்தில் அமுங்கிவிட்டது. எனக்குக் கிருமி இல்லை என்றுதானே பொருள்? பிறகு ஏன் இரண்டு நாள் கழித்து வரச் சொல்கிறார்கள்?”

அமுங்கிப்போன அந்தத் தடிப்புக்கும் சோதனை முடிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மெல்லிய ஊசியால் 0.1 மில்லிலிட்டர் திரவத்தைத் தோலின் அடுக்குக்குள்ளேயே செலுத்துவதால் அந்த இடம் 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு உப்புகிறது. ஊசி சரியான ஆழத்தில் இறங்கியது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. செலுத்தப்படும் டியூபர்குலினில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை, கிருமி வளர்ப்பிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய புரதங்களே உள்ளன. ஆகவே இந்த ஊசியால் காசநோய் தொற்றிக்கொள்ள வழியே கிடையாது.

1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக், 1890இல் டியூபர்குலினை நோய்க்கு மருந்தாகவே அறிவித்தார். மருந்தாக அது படுதோல்வி அடைந்தது. ஆனால் கிருமியை ஏற்கெனவே சந்தித்த உடல் அதற்கு வேறு விதமாக எதிர்வினை காட்டியதைக் கவனித்தவர்கள் அதைச் சோதனைக் கருவியாக மாற்றினார்கள். 1907இல் ஆஸ்திரிய மருத்துவர் பிர்கே தோலைக் கீறிப் பார்த்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் மாண்டூ தோலுக்குள் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் இது மாண்டூ சோதனை என்றே வழங்குகிறது.

இனி இரண்டு நாள் கணக்குக்கு வருவோம். தேனீ கொட்டினால் சில நிமிடங்களில் வீங்குகிறதே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்? உடனடி ஒவ்வாமையை நிகழ்த்துபவை எதிர்ப்பொருள்கள் என்னும் புரதங்கள். அவை திசுக்களில் முன்னரே தயாராக இருப்பதால் வேலை விரைவில் முடிந்துவிடுகிறது. காசநோய்க் கிருமியோ, கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்களுக்கு உள்ளேயே குடியேறிவிடுகிறது, அங்கே எதிர்ப்பொருளால் எட்ட முடியாது. அதனால் உடல் அதனுடன் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களைக் கொண்டு போராடுகிறது. அந்தப் போராட்டத்தை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் பல்லாண்டுகள் சுற்றி வருகின்றன.

ஊசியில் வந்த புரதத்தைத் தோலிலுள்ள காவல் செல்கள் விழுங்கித் துண்டாக்கித் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. அந்தத் துண்டை அடையாளம் காணும் டி செல்கள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்று அவ்வழியே வந்து சேர்ந்தால்தான் கதை நகரும். அப்படி வந்த டி செல் இன்டர்ஃபெரான் காமா முதலிய செய்திப் பொருள்களைச் சுரக்கிறது. அதனால் பக்கத்து நுண்குழாய்ச் சுவர்கள் பசையேறியவை போலாகி, ஓடும் இரத்தத்திலிருந்து செல்களைப் பிடித்து நிறுத்துகின்றன. அவை சுவரின் இடுக்குகள் வழியே நெளிந்து திசுவுக்குள் நுழைகின்றன. எனக்கு அலுக்காத வியப்பு இங்கேதான்: இப்படித் திரளும் செல்களில் பெரும்பாலானவை காசநோயைப் பற்றி ஏதும் அறியாதவை. யாரோ ஒருவர் போட்ட கூச்சலுக்குத் தெருவே கூடிவிடுவது போன்றது இது. அந்த நெரிசலும், குழாய்களிலிருந்து கசிந்து உறையும் ஃபைப்ரின் என்ற புரதமும் சேர்ந்து தோலைக் கெட்டியாக்குகின்றன. கூட்டம் உச்சத்தை எட்ட 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கிறது.

இது செல்களின் வேலை என்பதை நோயெதிர்ப்பு ஆய்வாளர் மெரில் சேஸ் 1945இல் கினிப்பன்றிகளில் காட்டினார். டியூபர்குலினுக்கு எதிர்வினை காட்டும் விலங்கின் செல்களை மற்றொன்றுக்குச் செலுத்தியபோது எதிர்வினையும் கூடவே சென்றது. எதிர்ப்பொருள்கள் நிறைந்த இரத்த நீரால் அதைச் செய்ய முடியவில்லை.

ஆகவே அளக்க வேண்டியது கெட்டிப்பை, சிவப்பை அன்று. பந்துமுனைப் பேனாவைத் தோலில் அழுத்தி மையம் நோக்கி இழுத்தால் கெட்டிப்பின் விளிம்பில் அது தடுக்கி நிற்கும். இரு புறமும் அவ்வாறு கோடிட்டு, கையின் குறுக்குவாட்டில் இடைவெளியை அளப்பது எளிய முறை. 5, 10, 15 மில்லிமீட்டர் என மூன்று எல்லைகள் பரவலாக வழக்கில் உள்ளன. எச்ஐவி தொற்று உள்ளவருக்கு 5 மில்லிமீட்டரே போதும். எந்த ஆபத்துக் காரணமும் இல்லாதவருக்கு 15 வேண்டும்.

கெட்டிப்பு தோன்றிவிட்டாலே நோயாளி என்று முத்திரை குத்துவது அறியாமை. அதற்கு அஞ்சிக் கையை மறைப்பவர்களும் உண்டு. கிருமி உள்ளே உறங்கிக்கிடப்பவர்களில் வாழ்நாளில் நோய்வாய்ப்படுவோர் 5 முதல் 10 சதவீதம்தான். நோய் இருக்கிறதா என்பதை மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையுமே சொல்லும். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டவருக்கும் கெட்டிப்பு வரலாம். தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களே ஆனவருக்கும் நோயெதிர்ப்புத் திறன் குன்றியவருக்கும் வராமலே போகலாம்.

பிசிஜி உண்டாக்கும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, அத்தடுப்பூசியில் இல்லாத இரு கிருமிப் புரதங்களைக் கொண்ட புதிய தோல் சோதனைகளை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. மாண்டூவின் காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகே இது நடந்தது. ஏழைகளை அதிகம் தாக்கும் நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் தயங்கித் தயங்கியே வருகிறது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசகருக்கு: குளிக்கலாம், ஊசி போட்ட இடத்தைச் சொறியவோ கட்டுப் போடவோ வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் காட்டத் தவறினால் மீண்டும் ஊசி போட்டுக்கொள்ள நேரும்.