மாடியிலும் இடம் விட வேண்டும்

போன வாரம் ஒரு வீட்டுக்காரர் நோட்டீஸும் கையுமாக வந்து உட்கார்ந்தார். இந்த வருடம் இதே கதையோடு என்னிடம் வருகிற நான்காவது ஆள் அவர். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

2,400 சதுர அடி மனை, அமைதியான குடியிருப்புத் தெரு. தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கியிருக்கிறார். வரைபடத்தில் முன்பக்கம் ஐந்தடி விட்டிருந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை. அப்புறம் வேறொருவரிடம் ‘த்ரீ-டி எலிவேஷன்’, அதாவது வீட்டின் முகப்பு எப்படி இருக்கும் என்று காட்டும் படம், போட்டிருக்கிறார். அந்தப் படத்தில் மாடிப் படுக்கையறை ஒரு கான்கிரீட் பெட்டியாக நாலடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேஸ்திரி கைக்குப் போனது அந்தப் படம்தான். சிலாப் போட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டில் புகார் கொடுத்தார்கள். அலுவலகத்திலிருந்து வந்து டேப் வைத்து அளந்தார்கள். வேலையை நிறுத்து, நீட்டியதை எடு என்று உத்தரவு வந்துவிட்டது.

“தெருவில் எல்லாம் பழைய மாடல் வீடு சார். நாம மாடர்னா கட்டினது அவங்களுக்குப் பொறுக்கல” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. உத்தரவை இரண்டு முறை படித்தேன். வீட்டின் அழகைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சாதாரணக் குடியிருப்புத் தெருவில் நீங்கள் ஓடு வேய்ந்தாலும் சரி, முழுக்கக் கண்ணாடி வைத்தாலும் சரி, அது உங்கள் விருப்பம். (மேற்குப் பக்கம் கண்ணாடி வைத்துவிட்டு மே மாதம் என்னிடம் வராதீர்கள். அது வேறு விஷயம்.) தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் பார்ப்பது உயரம், தளப்பரப்பு, விட வேண்டிய இடம், வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றைத்தான்.

“கீழே ஐந்தடி விட்டாச்சே சார், மேலே காற்றுதானே?” நான்கு பேரும் இதையேதான் கேட்டார்கள். காம்பவுண்டிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு சுவர் எழுப்பி, அதை வானம் வரைக்கும் கொண்டுபோனதாக நினைத்துக்கொள்ளுங்கள். செட்பேக், அதாவது மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடம், முடிவது அந்தச் சுவரில்தான். கீழே மட்டும் அதற்கு உள்ளே நின்றுகொண்டு மேலே தாண்டினால், தாண்டியதுதான். தூண் இல்லை, தரையைத் தொடவில்லை, ‘வெறும் எலிவேஷன்’ என்பதெல்லாம் பதில் ஆகாது. சன்ஷேட் மாதிரி சிலவற்றுக்கு ஓர் அளவு வரை சலுகை உண்டு. ஆள் படுத்துத் தூங்கும் அறை சன்ஷேட் ஆகுமா? அதோடு, நீட்டிய அறை தளப்பரப்புக் கணக்கிலும் சேரும். வரைபடத்தில் அது இல்லவே இல்லை.

அந்த இடம் யாருக்காக? வெளிச்சத்துக்கும் காற்றுக்கும், நெருப்புப் பிடித்தால் ஏணி சாத்துவதற்கும். இந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது. தெருவோர மின்கம்பி, காம்பவுண்டிலிருந்து இரண்டடி தள்ளிப் போகிறது. பெட்டிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே மிச்சம் ஓரடி. ஆக ஜன்னலுக்கும் கம்பிக்கும் மூன்றடிதான். தாழ்வழுத்தக் கம்பிக்கே பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது நாலடி இருக்க வேண்டும். அந்த அறை அவர் பேரப்பிள்ளைகளுக்காகக் கட்டியது.

அவர் வாங்கிய சுயசான்று உடனடி அனுமதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் வந்த இந்த முறை, 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டிடம் என்றிருக்கும் குடும்பங்களுக்கு அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு. முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. விதிப்படி கட்டுவேன் என்று நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள். வந்து பார்க்காததால் விதி இல்லை என்று ஆகிவிடாது. விதியை மீறிக் கட்டியதை அகற்றவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் தரும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அப்படியே இருக்கின்றன.

“பின்னால் வரன்முறை செய்துகொள்ளலாம்”, அதாவது மீறிக் கட்டியதை அப்புறம் சட்டப்படி ஆக்கிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதே சட்டத்தின் 113-சி பிரிவின் வரன்முறை, 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு. நேற்றுப் போட்ட சிலாப்புக்கு அதில் என்ன வேலை?

தயவுசெய்து, த்ரீ-டி படம் வரைபவரையும் அனுமதிக்கு வரைந்தவரையும் ஒரு முறையாவது பேச வையுங்கள். படத்தில் மாற்றம் பிடித்திருந்தால் முதலில் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்குங்கள், அப்புறம் கட்டுங்கள். தூண் இல்லாமல் வெளியே நீட்டும் காண்டிலீவர் வைத்தே தீர வேண்டுமா? சுவரை உள்ளே தள்ளி, விதிக்குள் நீட்டுங்கள். பார்க்க அதே அழகுதான். சிலாப்புக்குள் வரும் இரும்புக் கம்பிக் கணக்கைப் பொறியாளர் போடட்டும். நீட்டும் சிலாப்பில் முதன்மைக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். கான்கிரீட் ஊற்றும்போது அதை மிதித்துக் கீழே அமுக்கிவிடுகிறார்கள், அன்று பக்கத்தில் நில்லுங்கள்.

அனுமதி பெற்ற வரைபடத்தை, வேலை முடியும் வரை கட்டுமான இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் மீரட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மேஸ்திரிக்காகவாவது அதை மாட்டி வையுங்கள். மாடி சிலாப்புக்குச் சென்டிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடித்ததும், கம்பி கட்டுவதற்கு முன்னால், சென்டிங் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது விழும் இடத்துக்கும் காம்பவுண்டுக்கும் எத்தனை அடி என்று நீங்களே அளந்து பாருங்கள். பலகையாக இருக்கும்போது கழற்ற அரை நாள் போதும். போன வாரம் வந்தவருக்கு இப்போது உடைக்கும் கூலியே தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.