மூன்று மையில் ஒரு மீன்கொத்தி

நாணல் தண்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மீன்கொத்தியை லினோ பலகையில் (செதுக்க எளிதான லினோலியம் தகடு) செதுக்கி அச்சிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீல முதுகு, ஆரஞ்சு வயிறு, கழுத்தோரம் வெள்ளைத் திட்டு, கறுத்த அலகு, சிவந்த கால், பச்சை நாணல். மொத்தம் ஆறு நிறம். கையில் இருப்பதோ மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்றே மை. தூரிகை பிடிப்பவர் அவ்வப்போது தட்டில் குழைத்துக்கொள்வார். அச்சு ஓவியருக்கு அது முடியாது. ஒரு மைக்கு ஒரு பலகை. ஒவ்வொரு பலகையும் காகிதத்தின் மேல் ஒரே ஒரு முறை. அதனால் உளியைத் தொடும் முன்பே பறவையை மனதுக்குள் மூன்றாகப் பிரித்தாக வேண்டும். அச்சு ஓவியத்தில் கற்பனை முழுவதும் உழைப்பது இந்த இடத்தில்தான் என்பேன்.

பிரிப்பதற்கு வழிகாட்டுவது ஒளி. அச்சு மையில் ஒளி ஊடுருவக்கூடிய வகை உண்டு. வெள்ளை ஒளி அந்த மைப்படலத்துக்குள் நுழைந்து, காகிதத்தில் பட்டுத் திரும்பி, மீண்டும் அதே படலம் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. மஞ்சள் மை ஒளியிலுள்ள நீலத்தை விழுங்கிவிடும். ஆகாயச் சாயலுள்ள நீல மை சிவப்பை விழுங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டையும் அச்சிட்டால் தப்பி வருவது பச்சை மட்டுமே. நாணல் கிடைத்துவிட்டது! மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த இடம் வயிறு. மூன்றும் விழுந்த இடத்தில் ஒளி ஏறக்குறைய முழுதும் அடைபட்டு அலகு கறுக்கிறது. கழுத்துத் திட்டுக்கு மையே வேண்டாம். மூன்று பலகையிலும் அந்த இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டால் வெறும் காகிதமே வெள்ளையாக நிற்கும். மூன்று பலகையில் ஏழு நிறம், காகிதத்தோடு எட்டு. நான்காவது பலகை சேர்ந்தால் பதினாறு.

மெல்லிய நிறம் முதலில், அடர்ந்தது கடைசியில் என்பது பொது வழக்கு. மஞ்சள் மையில் கொஞ்சம் மங்கல் இருந்தாலும், நீலத்தின் மேல் விழும்போது திரை போட்டதுபோல் ஆகிவிடும்.

அச்சில் இடம் வலமாகும் என்பதையும் மறக்கக் கூடாது. ‘ப’ தப்பித்துக்கொள்ளும், ‘ட’ மாட்டிக்கொள்ளும். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சில் இதற்கு ஒரு துணிச்சலான தீர்வு இருந்தது. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்ததை மரப்பலகையில் குப்புற ஒட்டி, அந்தக் கோடுகளின் வழியே செதுக்குவார்கள். கோடு தானாகவே திரும்பிவிடும். மூல ஓவியம் மட்டும் உளியோடு போய்விடும்.

மூன்று பலகையும் ஒரே இடத்தில் விழுவது எப்படி? 1765 வாக்கில் ஜப்பானில் பல வண்ண அச்சு முழுமை பெற்றபோது, அதைத் தாங்கி நின்றது ‘கென்தோ’ என்ற எளிய வெட்டுக்குறி. பலகையின் ஒரு மூலையில் ‘ட’ போன்ற ஒரு பள்ளம், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேர்கோடாக இன்னொரு பள்ளம். தாளின் மூலையை முதல் பள்ளத்தில் பொருத்தி, நீள ஓரத்தை இரண்டாவதில் சாய்த்துவிட்டால் போதும். மேசைமேல் கிடக்கும் ஒரு தாளுக்கு மூன்று விதமான அசைவுதான் உண்டு: பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும் நகரும், சுழலும். நீள ஓரத்தில் இரண்டு தொடுபுள்ளி, குறுக்கு ஓரத்தில் ஒன்று. மூன்று அசைவும் அடங்கிவிட்டது. இதைவிடக் குறைந்தால் தாள் ஆடும், கூடினால் குறிகளே ஒன்றோடொன்று முரண்படும். பார்க்கும்தோறும் எனக்கு மகிழ்ச்சி தருகிற ஏற்பாடு இது.

குறி சரியாக இருந்தும் ஒருமுறை எனக்குப் படம் கெட்டது. மஞ்சளையும் சிவப்பையும் மழை நாளில் அச்சிட்டேன். நீலத்தை எடுத்தபோது நல்ல வெயில். இறக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கீற்று எட்டிப் பார்த்தது. பலகை நகரவில்லை, தாள்தான் சுருங்கியிருந்தது. காகிதத்திலுள்ள செல்லுலோஸ் இழைகள் ஈரம் குடித்தால் தடிமனில் நன்றாக உப்பும், நீளத்தில் மிகக் கொஞ்சமே வளரும். இயந்திரத்தில் செய்த தாளில் பெரும்பாலான இழைகள் ஒரே திசையில் படுத்திருப்பதால், தாள் அதற்குக் குறுக்காகவே அதிகம் விரிகிறது, சுருங்குகிறது.

அந்த வெள்ளைக் கீற்றுக்கு மருந்து வரைபடத்திலேயே இருக்கிறது. வயிற்றின் ஆரஞ்சை எல்லையில் நிறுத்தாமல், இறக்கைக்குள் அரை மில்லிமீட்டர் நீட்டிவிட வேண்டும். தாள் கொஞ்சம் அசைந்தாலும் இடைவெளி தெரியாது. மேலே விழும் நீலம் அந்த ஓரத்தைக் கருமையான கோடாக மாற்றும். அதையே இறக்கையின் நிழலாக முன்கூட்டித் திட்டமிடலாம்.

ஒரே பலகையை வைத்துக்கொண்டு பல நிறம் அச்சிடும் வழியும் இருக்கிறது. 1950களின் இறுதியில் பிக்காசோ லினோவில் இதை விரும்பிக் கையாண்டார். முதல் நிறத்தை எல்லாத் தாளிலும் அச்சிட்டபின், அதே பலகையில் இன்னும் கொஞ்சம் செதுக்கி அடுத்த நிறம். பிறகு மீண்டும் செதுக்கல். எத்தனை பிரதி என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். நான் இருபது தாளோடு தொடங்கிய படம் ஒன்று பதினான்கில் முடிந்தது. பதினைந்தாவது வேண்டுமென்றாலும் வழியில்லை. பலகையில் அப்போது மிஞ்சியிருந்தது அலகும் கண்ணும் மட்டுமே.