டம்ளரை அளந்துவிட்டு ஸ்ட்ராவை எடுங்கள்

அக்கா மகளுக்கு ஒரு சின்னக் கோப்பையில் பழச்சாறு ஊற்றி, எவர்சில்வர் ஸ்ட்ராவைப் போட்டுக் கொடுத்தேன். அவள் கையை எடுத்ததும் ஸ்ட்ரா விளிம்பின் மேல் மெல்லச் சாய்ந்து, சட்டென்று குப்புற வெளியே விழுந்தது. மறுபடி போட்டாள், மறுபடி விழுந்தது. அதே ஸ்ட்ராவை உயரமான டம்ளரில் போட்டால் ஆடாமல் நிற்கிறது. காரணம் தெரியாமல் விட மனசில்லை. ஸ்கேலை எடுத்து அளந்தேன்.

கோப்பையின் உள் உயரம் 6 செ.மீ., உள் அகலமும் 6 செ.மீ. ஸ்ட்ராவின் நீளம் 21.5 செ.மீ. கோப்பைக்குள் ஸ்ட்ரா நேராக நிற்பதில்லை. அதன் கீழ்முனை அடிப்பக்க மூலையில் ஊன்றிக்கொள்ள, உடம்பு எதிர்ப்பக்க விளிம்பில் சாய்ந்துகொள்ளும். ஆகவே கோப்பையின் உயரத்தைவிட அதன் மூலைவிட்டம்தான் இங்கே முக்கியம். பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்குப்படி இந்தக் கோப்பைக்கு அது சுமார் 8.5 செ.மீ. ஸ்ட்ராவின் எடை முழுவதும் அதன் நடுவில், அதாவது 10.75 செ.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த நடுப்புள்ளி விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கிறது. பிறகு விழாமல் என்ன செய்யும்?

இதிலிருந்தே இரண்டு எல்லைகள் கிடைத்துவிடுகின்றன. ஸ்ட்ராவின் நீளம் மூலைவிட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவிழும். மூலைவிட்டத்தைவிட 4 செ.மீ.யாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதட்டுக்கு எட்டாது. 15 செ.மீ. உயரமும் 8 செ.மீ. அகலமும் உள்ள டம்ளருக்கு மூலைவிட்டம் 17 செ.மீ. அதற்கு 21.5 செ.மீ. ஸ்ட்ரா கச்சிதம். 22 செ.மீ. உயரமும் 9 செ.மீ. அகலமும் உள்ள பெரிய டம்ளருக்கோ மூலைவிட்டமே கிட்டத்தட்ட 24 செ.மீ. அதில் அதே ஸ்ட்ரா முழுதாக உள்ளே போய்விடும். எவர்சில்வர் என்பது துருப்பிடிக்காத எஃகு. அது தண்ணீரைவிட ஏறக்குறைய 8 மடங்கு அடர்த்தியானது, மிதந்து மேலே வராது. விரல் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கணக்குப் போட அலுப்பாக இருந்தால் ஒரு நீளமான குச்சியை டம்ளரின் அடிமூலையில் ஊன்றி, எதிர் விளிம்பில் சாய்த்து, விளிம்பு தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அடி குறுகி வாய் விரிந்த டம்ளருக்கு இந்த வழிதான் சரியாக வரும். மூடியில் ஓட்டை உள்ள டம்ளர் என்றால் கதை வேறு. ஓட்டை ஸ்ட்ராவை நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிறது, அதனால் உள் உயரத்தோடு 4, 5 செ.மீ. சேர்த்தால் போதும்.

பிளாஸ்டிக் ஸ்ட்ரா காலத்தில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அது ஒரு கிராம்கூடத் தேறாது. 6 மி.மீ. பருமனும் அரை மி.மீ. தடிமனும் உள்ள எஃகு ஸ்ட்ரா 15 கிராம் வரும். காலிக் காகிதக் கோப்பையில் அதைச் சாய்த்துவைத்தால் கோப்பையே சரிந்துவிடலாம்.

நீளத்துக்கு அடுத்தது துளையின் அகலம். நாம் உறிஞ்சும்போது பானத்தை இழுக்கிறோம் என்று தோன்றும். உண்மையில் வாய்க்குள் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறோம், அவ்வளவுதான். டம்ளரில் உள்ள பானத்தின் மேல் வெளிக்காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது, அதுதான் பானத்தை மேலே தள்ளிவிடுகிறது. 20 செ.மீ. ஏற்றுவதற்குக் காற்றழுத்தத்தில் 2 சதவீதம் குறைத்தாலே போதும். ஆனால் இது தூக்கி நிறுத்துவதற்கான செலவு மட்டுமே. ஓடவைக்க வேண்டுமென்றால் குழாய்ச் சுவரின் உராய்வையும் சமாளிக்க வேண்டும். பானம் கெட்டியாக ஆக, அந்தச் செலவுதான் பெரிதாகும்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பொறியாளர் ஹேகனும் பிரெஞ்சு மருத்துவர் புவாசேயும் தனித்தனியாகக் கண்ட விதி இதற்குக் கைகொடுக்கிறது. நிதானமாக ஓடும் திரவத்தின் அளவு குழாய் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் அதே உறிஞ்சலுக்கு 16 மடங்கு பானம் வரும். உள்விட்டம் 5 மி.மீ.யிலிருந்து 7 மி.மீ. ஆனாலே கிட்டத்தட்ட 4 மடங்கு. கெட்டியான மில்க் ஷேக்கை மெல்லிய ஸ்ட்ராவில் உறிஞ்சிக் கன்னம் வலித்தவர்களுக்கு அந்த வலியின் காரணம் இப்போது புரியும். தண்ணீர், சாறு போன்றவற்றுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அவை வேகமாக ஓடிக் குழம்பத் தொடங்கிவிடும். அவற்றுக்கு 6 மி.மீ. ஸ்ட்ராவே தாராளம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் அகலமான ஸ்ட்ராவை வாங்கிவிடாதீர்கள். 12 மி.மீ. பருமனுள்ள ஸ்ட்ராவில் 20 செ.மீ. நீளத்துக்குள் மட்டும் 19 மில்லி நிற்கும். தண்ணீரைக் குடித்தால் ஒரே இழுப்பில் வாய் நிறைந்து புரையேறும். அந்த அகலம் துண்டுகளும் உருண்டைகளும் கிடக்கும் பானத்துக்கானது. அதிலும் துளை உருண்டையைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உருண்டை அடைப்பான் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கீழ்முனையைச் சாய்வாக வெட்டியிருந்தால் இன்னும் நல்லது, டம்ளரின் அடியில் படிந்து துளை மூடிக்கொள்ளாது.

மூடி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு ஸ்ட்ராவை இறுக்கிப் பிடிக்கும் மூடியில் சில மிடறுகளுக்குப் பிறகு பானம் வர மறுக்கும். ஸ்ட்ராவில் கோளாறு இல்லை. வெளிக்காற்று உள்ளே போக வழியில்லாததால் தள்ளிவிட ஆளில்லை. மூடியில் இன்னொரு சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மூடியில் எதிர்ப் பிரச்சினையும் வரும்: உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூடேறி விரிந்தால், யாரும் உறிஞ்சாமலே பானம் ஸ்ட்ரா வழியே ஏறி மேசையில் வழியும்.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது எஃகுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். உலோகம் என்றாலே சுடும் என்ற பயம் பாதிதான் சரி. செம்பு எஃகைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். சும்மா நிற்கும் எஃகு ஸ்ட்ராவில், பானத்தின் மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. போவதற்குள் கூடுதல் சூடு மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும் என்கிறது என் தோராயக் கணக்கு. ஆனால் உறிஞ்சிய நொடியில் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மெல்லிய சுவர் உடனே பானத்தின் சூட்டுக்கு வந்துவிடும். கோப்பையில் வாய் வைத்துக் குடிக்கும்போது காற்றும் சேர்ந்து வந்து கொஞ்சம் ஆற்றும், ஸ்ட்ராவில் அதுவும் இல்லை. சூடான பானத்துக்கு எந்த உலோக ஸ்ட்ராவும் வேண்டாம். செம்பு ஸ்ட்ரா பார்க்க அழகுதான், ஆனால் புளிப்பான சாறு செம்பைக் கரைக்கும். எஃகில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது, கீறினாலும் அது தானே மூடிக்கொள்ளும். 18/8 என்று பொறித்திருந்தால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் யோசித்து வாங்குவது நல்லது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது நான் மிகவும் கண்டிப்பு. எஃகு வளையாது. ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் காயம் ஆழமாகப் படும். உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும், முனையில் மென்மையான சிலிகோன் உறை இருக்க வேண்டும். உறை பல்லையும் காக்கும், சில்லென்ற உலோகம் உதட்டில் படாமலும் தடுக்கும்.

அப்புறம், கழுவுவது. எஃகு ஸ்ட்ராவின் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. குடித்த உடனே தண்ணீரில் அலசி, துளைக்கு ஏற்ற பிரஷை இரண்டு முனையிலிருந்தும் விட வேண்டும். வளைந்த ஸ்ட்ராவின் முழங்கையில்தான் பால் படலம் தங்கும். கழுவி நிமிர்த்தி வைத்தாலும் 5 மி.மீ. துளையின் கீழ்முனையில் அரை செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கும். பரப்பு இழுவிசை அதை விடாது, ஓங்கி உதறினால்தான் விழும்.

அக்கா மகளுக்கு இப்போது 14 செ.மீ. ஸ்ட்ரா. 12.5க்கு மேல், 17க்குள். சின்னக் கோப்பையில் அது அசையாமல் நிற்கிறது. கழுவியதும் அதை அவளே வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தொலைநோக்கி மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "உள்ள ஒரு புள்ளி இருக்கு மாமா" என்று நேற்றுத் திருப்பிக் கொடுத்தாள். பார்த்தேன், இருந்தது. மறுபடி பிரஷை எடுத்தேன்.