ஆயில் ஸ்பில்: கசிவா, கொட்டலா?

கடலில் கப்பலோ எண்ணெய்க் கிணறோ உடைந்து எண்ணெய் பரவினால் ஆங்கிலத்தில் 'ஆயில் ஸ்பில்' என்கிறார்கள். தமிழ்ச் செய்திகளில் அது 'எண்ணெய்க் கசிவு' ஆகிவிடுகிறது. பழகிப்போன சொல்தான், ஆனால் நின்று யோசித்தால் உறுத்துகிறது. சுவரில் ஈரம் கசியும். மண்பானையின் வெளிப்புறத்தில் நீர் கசியும். புண்ணில் நிணம் கசியும். அன்பு மிகுந்தால் மனமும் கசியும். எல்லாமே மெல்ல, தெரிந்தும் தெரியாமலும் நடப்பவை.

2010 ஏப்ரல் 20 இரவு, அமெரிக்காவின் லூசியானா கரைக்கு அப்பால், மெக்சிகோ வளைகுடாவில், எண்ணெய்க்காகக் கடல் தரையைத் துளையிடும் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற துரப்பண மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் எரிந்துவிட்டு மேடை மூழ்கியது. சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் திறந்துகொண்ட மக்கோண்டோ கிணற்றிலிருந்து 87 நாள் எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. அமெரிக்க அரசு பிறகு போட்ட கணக்கின்படி தொடக்கத்தில் நாளொன்றுக்கு 62,000 பீப்பாய். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர். இதைக் கசிவு என்றால், அணை உடைந்ததைத் தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்லலாம்.

சரி, ஸ்பில் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பில்லன்' என்றால் அழித்தல், கொல்லுதல். கொலையில் ரத்தம் சிந்துவதைக் குறிக்கப்போய், 14ஆம் நூற்றாண்டு வாக்கில் எந்தத் திரவம் சிந்தினாலும் அதே சொல் என்றாகிவிட்டது. இன்று மேசையில் பால் கொட்டினாலும் ஸ்பில்தான். கொலையில் பிறந்த சொல் இப்படிச் சாதுவாகிப்போனதால் அமெரிக்கர்களுக்கும் 2010இல் அது போதவில்லை. ஸ்பில் என்றால் ஏதோ ஒரு பாத்திரத்தில் இருந்தது கொட்டித் தீர்ந்துவிட்டது என்று பொருள்படுகிறதே, இது தீராத ஊற்றல்லவா என்று பலர் கேட்டார்கள். பீறிடும் கிணற்றுக்கு உரிய 'கஷர்' என்ற சொல்லையே சிலர் எழுதினார்கள்.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் பாறையில் மோதிய 'எக்ஸான் வால்டெஸ்' கப்பலுக்கு ஸ்பில் சரியாகப் பொருந்தியது. அதன் தொட்டிகளில் இருந்ததற்கு ஒரு கணக்கு உண்டு. மக்கோண்டோ கிணற்றுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை என்பதும் மக்களின் கோபத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. முதலில் நாளுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள் அதிகாரிகள். சில நாளில் அது 5,000 ஆனது. மே மாதக் கடைசியில் 12,000 முதல் 19,000 வரை என்றார்கள். ஜூன் நடுவில் 35,000 முதல் 60,000. கடலடிக் கேமராவின் நேரலை வேறு கிடைத்துவிட, பழுப்பும் கறுப்புமாகப் புகைபோல் எண்ணெய் எழுவதைச் சனங்கள் வீட்டில் உட்கார்ந்தே பார்த்தார்கள். கண் பார்ப்பது ஒன்று, அறிக்கை சொல்வது வேறு என்றால் யார்தான் நம்புவார்கள்? சிறிய எண்ணும் சிறிய சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நம் 'கசிவு' மேல் எனக்குள்ள குறையும் அதுவே.

கசிவு என்ற சொல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதே வளைகுடாவிலும் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகிலும், யாரும் துளையிடாமலே கடல் தரையின் பிளவுகள் வழியாக எண்ணெய் இயற்கையாக ஊறி மேலே வருகிறது. அதுதான் அசல் கசிவு. குழாய் மூட்டில் துளித்துளியாக வந்தால் ஒழுகல். கிணறு கட்டுமீறி வெடித்து வந்தால் பீறிடல். பொதுவாக ஸ்பில்லுக்கு ஒரே சொல் வேண்டுமென்றால் நான் 'எண்ணெய்க் கொட்டல்' என்பேன். 'சிந்தல்' நல்ல சொல்தான், ஆனால் கிண்ணத்தின் அளவைத் தாண்ட மாட்டேன் என்கிறது. 'சிதறல்' திரவத்துக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கொட்டுவதோ தானாகவும் நடக்கும், ஆள் செய்தும் நடக்கும்: மழை கொட்டியது, குப்பையைக் கொட்டினான். விபத்தா அலட்சியமா என்று நீதிமன்றம் முடிவு செய்யும்வரை இப்படி இரு பக்கமும் பேசும் சொல் வசதியானது. தேளும் கொட்டும் என்பதை நான் வேண்டுமென்று சேர்க்கவில்லை.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். எண்ணெய் இதில் சொல்லின் கட்சி. வெளிவந்த எண்ணெய் சுமார் 49 லட்சம் பீப்பாய் என்று கணக்கிட்ட அமெரிக்க அரசு, 2010 ஆகஸ்டில் அது எங்கே போனது என்றும் ஒரு பங்கீடு வெளியிட்டது. கிணற்றின் வாயிலேயே பிடித்தது நூற்றுக்கு 17. கடல் மேல் வைத்து எரித்தது 5. மேற்பரப்பிலிருந்து அள்ளியது வெறும் 3. மீதி ஆவியாகி, கரைந்து, சிதறி, அல்லது அப்படியே தங்கிப்போனது. எண்ணெயை உறிஞ்சும் என்று சலூன்களில் வெட்டிய தலைமுடியை மூட்டை மூட்டையாகச் சேர்த்து அனுப்பினார்கள் பொதுமக்கள். பெரும்பாலும் அது பயன்படுத்தப்படவே இல்லை.

நடுவில் எண்ணெய் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். எள் + நெய் = எண்ணெய். எள்ளின் நெய்தான் முதலில் எண்ணெய். அப்புறம் அது பொதுப்பெயராகி, தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போது எள்ளை யாரும் நினைப்பதில்லை. 'ஆயில்' கதையும் இதேதான். லத்தீன் 'ஓலியம்' வழியாகப் போனால் கிரேக்கத்தின் ஆலிவில் முடியும். 'பெட்ரோலியம்' என்பது பாறை, எண்ணெய் என்ற இரு லத்தீன் சொற்களின் கூட்டு. பாறைநெய், கல்நெய் என்று தமிழாக்கியிருக்கிறார்கள். இரண்டும் அழகு, வழக்கில் நிலைக்கவில்லை. 'கச்சா எண்ணெய்' இந்தியிலிருந்து வந்த கச்சாவோடு நிலைத்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கொட்டலுக்கு அடுத்து அன்று எல்லோர் வாயிலும் வந்த சொல் 'மாற்று எரிசக்தி'. மேடை மூழ்கிய ஏப்ரல் 22, பூமி நாளின் 40ஆம் ஆண்டு நிறைவு. அந்த நாளே 1969 சாண்டா பார்பரா எண்ணெய்க் கொட்டலின் அதிர்ச்சியிலிருந்து பிறந்ததுதான். ஜூன் 26 அன்று மக்கள் கடற்கரைகளில் கைகோத்து நின்று, கடலில் துளையிடாதே, தூய ஆற்றலுக்குப் போ என்றார்கள். சூரிய ஒளி கொட்டினால் அதற்குப் பெயர் நல்ல நாள் என்ற கேலியும் உலவியது. அதன் நகைச்சுவை முழுக்க ஸ்பில் என்ற சொல்லில்தான் இருக்கிறது. எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆழ்கடல் துரப்பணத்துக்கு அரசு தற்காலிகத் தடை போட்டபோது லூசியானாவிலேயே எதிர்ப்பு கிளம்பியது. மீன்பிடித் தடையால் வலை முடங்கிய ஊர்களில் துரப்பண வேலையும் போனால் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி.

கோபத்தில் ஒரு குழப்பமும் இருந்தது. எண்ணெய்க்குப் பதில் காற்றாலை என்று முழங்கினார்கள். ஆனால் அன்றைய அமெரிக்க மின்சாரத்தில் எண்ணெயின் பங்கு நூற்றில் ஒன்றுதான். எண்ணெயில் பெரும்பகுதி வண்டிகளில் எரிந்தது. வண்டி மின்சாரத்தில் ஓடாதவரை, காற்றாலை நட்டதால் அந்தக் கிணற்றின் தேவை குறையாது. அதிபர் ஒபாமா ஜூன் 15 உரையில் தூய ஆற்றலுக்கு மாற வேண்டும் என்று பேசினார். கிணற்றுக்கு மூடி விழுந்தது ஜூலை 15. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 அன்று, காலநிலை மசோதாவை எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் தலைமை கைவிட்டது.

'மாற்று' தமிழில் ஆழமான சொல். பதிலாக வருவதும் மாற்று, நஞ்சை முறிப்பதும் மாற்று, பொன்னின் தரமும் மாற்று. இடறுவது 'எரிசக்தி'. காற்றாலையில் எது எரிகிறது? விறகு, நிலக்கரி, எண்ணெய் என்று எரித்தே ஆற்றல் எடுத்த காலத்துக்கு அந்தச் சொல் பொருந்தியது. 'காற்று எரிசக்தி' என்று தலைப்பில் பார்க்கும்போது எனக்கு நெருப்புப் பிடித்த காற்றாலைதான் கண்முன் வருகிறது. எனர்ஜி என்பதற்கு 'ஆற்றல்' இருக்கிறது, பள்ளிப் புத்தகத்திலேயே. மாற்று ஆற்றல், காற்றாற்றல் என்று எழுதலாம். நாக்கில் சிக்கினால் காற்று மின்சாரம் போதும்.