சிவப்பு பெட்டரி லைட்டும் மலைப்பாதை பிரேக்கும்

ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது டேஷ்போர்டில் பெட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தால், "பெட்டரி வீக், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டத்தைத் தொடர்பவர்களே அதிகம். தட்டையான கொழும்பு வீதியில் அப்படி ஓட்டினால் மிஞ்சிப்போனால் வண்டி எங்காவது நின்றுவிடும். மலைநாட்டில், அதுவும் பழைய டீசல் வேனில், அந்த லைட்டுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. இன்னும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடலாம்.

காரணம், எஞ்சின் ஓடும்போது பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டர்நேட்டரின் முதுகில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது காற்று வழியிலுள்ள மூடியான த்ரொட்டில் அதை நெரிப்பதால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை வைத்தே நம் காலுக்கு உதவி செய்கிறது. டீசல் எஞ்சின் காற்றை அப்படி நெரிப்பதில்லை. அதனால் வெற்றிடம் உண்டாக்க ஒரு சிறு பம்ப் தனியாகத் தேவை. டொல்பின் வேனில் வரும் டொயோட்டா 3எல் எஞ்சினிலும், அந்தக் காலத்து நிசான், இசுசு டீசல்கள் பலவற்றிலும் இந்த வெக்கியூம் பம்ப் ஒல்டர்நேட்டரின் பின்பக்கம், அதே தண்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒல்டர்நேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. ஆகவே பெல்ட் அறுந்தால் சார்ஜ், எஞ்சின் குளிர்ச்சி, வெக்கியூம் பம்ப் மூன்றும் ஒரே நொடியில் நிற்கின்றன. டேஷ்போர்டில் முதலில் தெரிவது அந்தச் சிவப்பு லைட் மட்டுமே.

லைட் முழு வெளிச்சத்தோடு எரிந்து, வெப்பமானி முள்ளும் ஏறத் தொடங்கினால் பெல்ட் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. காலை எடுத்து மீண்டும் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் செலவாகிறது. இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைத்து, ஒரே அழுத்தமாக மிதித்து, அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். வெற்றிடம் முழுதாகத் தீர்ந்தாலும் பிரேக் அறுந்துவிடவில்லை என்பதைச் சாரதி நினைவில் வைத்திருக்க வேண்டும். பிரேக் ஓயில் செல்லும் வழி அப்படியே இருக்கிறது. மிதி மட்டும் கல்லைப்போல இறுகியிருக்கும். முழு பலத்தையும் காலில் போட்டால் வண்டி நிற்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதும் இதிலிருந்தே விளங்கும். எஞ்சின் பிடிப்பும் இல்லை, ஐடிலில் சுற்றும் பம்ப் தரும் வெற்றிடமும் குறைவு, சார்ஜும் குறைவு.

லைட் எரிவதற்கெல்லாம் பெல்ட்தான் காரணம் என்பதில்லை. மற்றக் காரணங்களைத் தேட ஒல்டர்நேட்டரின் உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நடுவில் சுற்றும் ரோட்டர் ஒரு மின்காந்தம். அதன் சுருளுக்கு மின்சாரம் போவது, இரண்டு செப்பு வளையங்களில் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு காபன் துண்டுகள் வழியாக. சுருளின் தடை ஏறக்குறைய 3 ஓம். ஆகவே 12 வோல்டில் 4 ஆம்பியர்தான் உள்ளே போகிறது. இந்த 4 ஆம்பியரைக் கூட்டிக் குறைத்தே வெளியே வரும் 60, 70 ஆம்பியரை ஆள்கிறார்கள். ஆள்பவர் கராஜ்களில் கட்அவுட் என்று சொல்லப்படும் ரெகுலேட்டர். ரோட்டரைச் சுற்றியுள்ள ஸ்டேட்டர் சுருளில் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம். அதை, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஆறு டயோட்கள் டிசியாக மாற்றி பெட்டரிக்கு அனுப்புகின்றன. டேஷ்போர்டு லைட்டின் ஒரு முனை சாவி வழியாக பெட்டரியோடும், மறுமுனை ஒல்டர்நேட்டரின் எல் முனையோடும் இணைந்திருக்கிறது. சார்ஜ் வராதபோது கட்அவுட் எல் முனையை எர்த்துக்கு இழுக்க, லைட் எரிகிறது. சார்ஜ் வந்துவிட்டால் இரு முனையிலும் ஒரே வோல்ட். மின்சாரம் ஓட இடமில்லாமல் லைட் அணைகிறது.

எனவே முதல் சோதனைக்குக் காசே தேவையில்லை. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், ஒல்டர்நேட்டர் பிளக் கழன்றிருக்கலாம், சிலவகை ஒல்டர்நேட்டர்களில் காபன் தேய்ந்திருக்கலாம். ஓடும்போது லைட் எரியவே இல்லை, அதனால் சார்ஜ் சரி என்று நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். லைட் மங்கலாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக எரிந்தால் டயோட் அல்லது வயர் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து ஒரு மல்டிமீட்டர் வேண்டும். விலை குறைந்தது போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுமுன் பெட்டரியின் இரு முனையில் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்பங்குதான் மிச்சம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால், சார்ஜ் இருந்தும் அப்படியென்றால், பெட்டரிக்கே வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்து விடியலில் புல்லில் உறைபனி படியும் நாட்களில் 14.7 காட்டினாலும் பயப்பட வேண்டாம், குளிரில் கட்அவுட் வேண்டுமென்றேதான் வோல்டைக் கொஞ்சம் ஏற்றுகிறது. சூடான எஞ்சினில் 15ஐத் தாண்டினால் கட்அவுட் பழுது. பெட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை வாடை வரும், பல்ப்கள் அடுத்தடுத்துப் போகும்.

வெறும் ஐடிலில் 14 காட்டியதும் திருப்திப்படக் கூடாது. மாலையில் மூடுபனி இறங்கிய வீதியில் வண்டி சுமக்கும் சுமையைக் கணக்குப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டுக்கும் 9 ஆம்பியர், பனி லைட் போட்டிருந்தால் இன்னும் 9, வைப்பருக்கு 4 அல்லது 5, கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஓடும் ஃபேனுக்கு 8, பின் லைட், மீட்டர் லைட், ரேடியோவுக்கு 4. ஆக 35 ஆம்பியர். 70 ஆம்பியர் என்று எழுதிய ஒல்டர்நேட்டராக இருந்தாலும் ஐடிலில் அதில் பாதி கிடைப்பதே கஷ்டம். லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது மிச்சத்தை பெட்டரிதான் கொடுக்கிறது. எனவே எல்லாவற்றையும் போட்டுவிட்டு, எஞ்சினை 2000 ஆர்பிஎம்மில் வைத்து அளக்க வேண்டும். 13.5க்குக் குறையாமல் நின்றால் ஒல்டர்நேட்டர் நலம்.

குறைந்தால் உடனே ஒல்டர்நேட்டரைக் கழற்றாதீர்கள். முதலில் பெல்ட். இரண்டு புல்லிக்கும் நடுவே பெருவிரலால் பலமாக அழுத்தினால் 10 மில்லிமீட்டர் அளவு இறங்கலாம். அதைவிட அதிகம் என்றால் தளர்வு. ஹை பீம் போட்டதும் கீச்சென்று கத்தினால் அதுவும் தளர்வுதான். லைட் சுமை ஏறியதும் ரோட்டர் சுற்ற மறுக்கிறது, பெல்ட் வழுக்குகிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து மழையில் இந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும். கேட்கும்போதெல்லாம் பிரேக் உதவியும் அதே பெல்ட்டில்தான் தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரட்டை பெல்ட் உள்ள எஞ்சினில் ஒன்று வெடித்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையது நீண்டிருப்பதால் முழுச் சுமையையும் புதியது ஒன்றே சுமக்கும்.

பிறகு வயர். மீட்டரின் ஒரு முனையை ஒல்டர்நேட்டரின் தடித்த பி முனையிலும், மறுமுனையை பெட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலும் வையுங்கள். கிளாம்பில் அல்ல, குமிழிலேயே. லைட்டெல்லாம் போட்டு எஞ்சின் ஓடும்போது 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ துரு இருக்கிறது. அதேபோல ஒல்டர்நேட்டர் உடம்புக்கும் பெட்டரியின் மைனஸ் குமிழுக்கும் இடையே 0.2க்கு மேல் வரக் கூடாது. வந்தால் எர்த் பட்டியைக் கழற்றிச் சுரண்டிப் பூட்ட வேண்டும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டிதான் அதற்குப் பாலம். தோட்டத்து மண் வீதியில் ஓடும் கொழுந்து லொறிகளில் இது சேற்றுக்குள் மறைந்தே கிடக்கும். கிளாம்பில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பொருக்கை வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவலாம், பெட்டரி மூடிக்குள் போகாமல். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸில் இருக்கும் ஸ்பானர் தவறி வண்டியின் இரும்பு உடம்பில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது.

பெல்ட்டும் வயரும் சரியாக இருந்தால்தான் ஒல்டர்நேட்டரின் முறை. டீசல் வேனில் பின்மூடியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஓயில். வெக்கியூம் பம்புக்கு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் ஓயில் வருகிறது; தண்டைச் சுற்றியுள்ள ஒரு சீல்தான் அதை ஒல்டர்நேட்டருக்குள் வரவிடாமல் தடுக்கிறது. சீல் தேய்ந்தால் ஓயில் கசிந்து, காபன் தூளோடு குழைந்து, கறுத்த பசையாகி வளையங்களில் படியும். காபன் துண்டு அதன் கூட்டில் ஒட்டிக்கொண்டு வளையத்தைத் தொடாமல் நிற்கும். லைட் விட்டு விட்டு எரிவது இதனால்தான். புது காபன் வைத்து சீலை மாற்றாமல் மூடினால் சில வாரங்களில் அதே பழுது திரும்பும். டென்சோ ஒல்டர்நேட்டரில் புது காபன் கூட்டுக்கு வெளியே 10.5 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், 1.5க்குத் தேய்ந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். வளையம் பளபளவென்று வழவழப்பாக இருக்க வேண்டும். விரலால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் புது காபனும் சீக்கிரம் போய்விடும்.

டயோட் ஒன்று போனால் அடையாளம் வேறு. சும்மா ஓடும்போது வோல்ட் நன்றாக இருக்கும், சுமை ஏறியதும் இறங்கும், ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஒரு முனகல் கேட்கும். மீட்டரை ஏசிக்கு மாற்றி பெட்டரியில் வைத்தால் 0.5 வோல்டுக்கு மேல் காட்டும். மின்சாரத்தை இருபக்கமும் விடும்படி டயோட் ஷோர்ட் ஆகியிருந்தால் நின்ற வண்டியிலும் பெட்டரி இரவில் ஸ்டேட்டர் வழியாக வடிகிறது. இதற்குக் கந்தப்பளை, நுவரெலியா விடியல் ஒரு நல்ல சோதனைக்கூடம். ஸ்டார்ட் செய்யுமுன் ஒல்டர்நேட்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்து இரும்பெல்லாம் ஐஸாக இருக்க, அது மட்டும் இளஞ்சூடாக இருந்தால் டயோட் போய்விட்டது.

சில கராஜ்களில் எஞ்சின் ஓடும்போதே பெட்டரி கிளாம்பைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் ஒல்டர்நேட்டர் நல்லது என்று சொல்கிறார்கள். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். பெட்டரி திடீரென்று விலகினால், அது வாங்கிக்கொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. கட்அவுட் குறைப்பதற்குள் வோல்ட் பல மடங்கு பாய்ந்து டயோடையும் கட்அவுட்டையும் எரித்துவிடும். சோதனைதான் அந்தப் பழுதை உண்டாக்குகிறது. டீசல் எஞ்சின் எரிய மின்பொறியே தேவையில்லை என்பதால் பல டீசல்களில் இந்தச் சோதனையில் எதுவும் நிரூபணமும் ஆவதில்லை. ஆனால் 3எல் போன்றவற்றில் டீசல் வழியைத் திறந்து வைத்திருப்பது சொலனோயிட் என்ற ஒரு மின்காந்த வால்வு. பெட்டரி முழுதாகத் தீர்ந்தால் அது மூடிக்கொண்டு எஞ்சினும் நிற்கும்.

சிறிய விமானங்களில் இதே கதை கொஞ்சம் வேறு. செஸ்னா 172ல் ஒல்டர்நேட்டருக்கும் பெட்டரிக்கும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனி சுவிட்ச். சார்ஜ் லைட் எரிந்தால் விமானி ஒல்டர்நேட்டர் சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போடுவார். வோல்ட் எகிறியதால் தானாகக் கழன்ற பாதுகாப்பு சுற்று அதில் மீண்டும் சேர்ந்துவிடும். திரும்பவும் எரிந்தால் தேவையற்ற கருவிகளை அணைத்து, பெட்டரியைச் சேமித்துக்கொண்டு இறங்கப் பார்ப்பார். எஞ்சினின் பொறி, பெட்டரி இல்லாமலே மின்சாரம் உண்டாக்கும் மெக்னீட்டோவிலிருந்து வருவதால் அது ஓடிக்கொண்டே இருக்கும். சாலை வண்டிக்கும் சுமை குறைக்கும் அந்தப் பழக்கம் அப்படியே பொருந்தும். நல்ல 60 ஆம்பியர் மணி பெட்டரி 20 ஆம்பியர் சுமையில் கணக்குக்கு மூன்று மணி நேரம் என்றாலும், ஹெட்லைட் மங்குவது அதற்கு வெகு முன்பே.

தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் கென்டர், எல்ஃப் லொறிகள் பெரும்பாலும் 24 வோல்ட், 12 வோல்ட் பெட்டரி இரண்டை அடுத்தடுத்து இணைத்தது. மேலே சொன்ன பெட்டரி, சார்ஜ் வோல்ட் அளவுகளை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். ரேடியோவுக்கு 12 வோல்ட் வேண்டுமென்று ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுப்பதுதான் அவற்றில் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த பெட்டரி எப்போதும் பசியோடு இருக்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜாகிக் கொதிக்கும், இரண்டும் சீக்கிரம் சாகும். 24ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டர் ஒன்றைப் பூட்டினால் தீர்ந்தது.

ஒல்டர்நேட்டரைத் திரும்பப் பூட்டும்போது வெக்கியூம் பம்ப் வாயில் கொஞ்சம் சுத்தமான எஞ்சின் ஓயில் விட்டு, ஓயில் குழாய்க்குப் புது செப்பு வாஷர் போட வேண்டும். வீதிக்கு எடுக்குமுன் எஞ்சின் நின்ற நிலையில் பிரேக்கை ஐந்தாறு தடவை மிதித்து இறுக்கி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சிவப்பு லைட் அணைந்திருந்தாலும், மீட்டர் 14.2 காட்டினாலும், அந்த வேனை இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.