மாறுகண் ஆபரேஷன்: அரச ஆஸ்பத்திரியில் காசு கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டாம். கண் பரிசோதனை, மயக்க மருந்து, ஆபரேஷன், வார்டில் தங்குவது எல்லாமே இலங்கையின் இலவச சுகாதார சேவைக்குள் அடங்கும். தோட்டத்தில் வேலை செய்கிறவரா, வெளியாளா என்ற பேதமும் இல்லை. கையைக் கடிப்பது பஸ் காசும், பிள்ளையோடு போகிறவருக்கு அன்றைக்குப் பேர் விழாமல் போகும் நாள் சம்பளமும்தான்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று வயதானவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சில் வருஷங்கள் போய்விடுவதுதான் பெரிய நட்டம். இரண்டு கண்ணும் வேறு வேறு பக்கம் பார்த்தால் பிள்ளையின் மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடும். அந்தக் கண் பார்க்கப் பழகாமலே மங்கிப்போகும். ஏழு, எட்டு வயதுக்கு மேல் அதை மீட்பது கஷ்டம். கைக்குழந்தைக்கு மூன்று, நான்கு மாதம் வரை கண் எப்போதாவது விலகுவது சகஜம். அதற்குப் பிறகும் விலகினால் காட்டிவிடுங்கள். கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

யாரிடம் காட்டுவது? கிளினிக் நடத்தும் மருத்துவ மாதுவிடம் முதலில் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் 1, 4, 7, 10ஆம் வகுப்புகளுக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலும் சொல்லலாம், ஆனால் சின்னப் பிள்ளையை அதுவரை வைத்திருக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் இதற்கு வைத்தியம் கிடையாது. அங்கே துண்டு எழுதி வாங்கிக்கொண்டு நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குப் போங்கள். தேவைப்பட்டால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அவர்களே அனுப்புவார்கள்.

எடுத்த எடுப்பில் கத்தி வைக்க மாட்டார்கள். கண்ணாடி போடுவது, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி மற்றதை வேலை செய்ய வைப்பது, இவைதான் முதலில். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடியே போதும். ஆபரேஷன் என்றால், ஒவ்வொரு கண்ணையும் அசைக்கும் ஆறு தசைகளில் தேவையானதைப் பின்னுக்கு நகர்த்தித் தைப்பார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் வெட்டி இறுக்குவார்கள். கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்பது வெறும் கதை. கண் நேரானாலும் மங்கிய பார்வை தானாகத் திரும்பாது. கண்ணை மூடும் பயிற்சி அதற்குப் பிறகும் தொடரலாம். சிலருக்கு இரண்டாவது ஆபரேஷனும் வேண்டிவரும்.

பெரியவர்களுக்கும் இதே சேவை உண்டு. திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீனி வியாதியால் நரம்பு தளர்ந்திருந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். அதனால் ஆறு மாதமளவு பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள்.

சம்மதப் படிவம் சிங்களத்தில் நீட்டப்பட்டால் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள், அடுத்த திகதி அதில்தான் இருக்கும்.